நன்றி சொல்ல வேண்டிய பெண்கள்

ஓசூர் மலை மேல் சந்திரசூடேஸ்வரரையும் மரகதாம்பாளையும் கும்பிடும்போது, கேட்பதை விட நன்றி சொல்லவே மனசு வருகிறது.

முதல் நன்றி என் மாமியாருக்கு. காலை ஷிப்ட் என்றால் எனக்கு முன்னால் எழுந்து, கொதிக்கிற உலையில் ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் களி கிளறிவிடுவார். "நீ பஸ்ஸைப் பிடிம்மா, பிள்ளையை நான் பாத்துக்கிறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் என் சம்பளமே நிற்கிறது.

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் கடந்து வந்த தூரத்தையும் மறக்கக்கூடாது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடுதான் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டம். அதே மண்ணில், போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸில் ஜார்கண்ட் பெண்கள் வரை வந்து வேலை பார்க்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் தலைமுறை, இன்று குடும்பத்தைத் தாங்குகிறது. இதை நான் கடவுள் அருள் என்றே நம்புகிறேன்.

ஆனால் ஷிப்ட் முடிந்து வந்தும் அடுப்படி பெண்ணுக்கே என்றால், நாம் சொல்லும் நன்றி பாதிதான். அண்ணன்மாரே, தம்பிமாரே, பெண்ணை மகாலட்சுமி என்று சொல்வதோடு நிற்காதீர்கள். இன்று ராத்திரி பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். வீட்டில் உழைக்கிற அம்மாவுக்கும் அத்தைக்கும் வாய் திறந்து நன்றி சொல்லுங்கள்.