பதினைந்து உதைகள்

"சண்டை கேமா? கைக்கு வந்த பட்டனையெல்லாம் அமுக்குறதுதானே!" கன்சோல் இருக்கும் வீடுகளில் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது இது. ரத்தம் தெறிக்கும் கேம்களைப் பிள்ளைகளிடம் தரக்கூடாது என்கிறார்களா, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், இதற்கு மூளையே வேண்டாம் என்பவர்கள் ஜப்பானின் டைகோ உமெஹாராவைப் பார்த்ததில்லை.

2004. கலிஃபோர்னியாவில் 'ஈவோ' போட்டி. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' கேமில் 23 வயது டைகோவுக்கு எதிரே அமெரிக்காவின் ஜஸ்டின் வாங். டைகோ ஆடும் கென்னுக்கு உயிர் நூலிழைதான் மிச்சம். வாங்கின் சுன்-லீ சரமாரியாக உதைக்கிறாள். சாதாரணமாகத் தடுத்தால்கூட அந்த மிச்சமும் தேய்ந்து கதை முடிந்துவிடும். ஒரே வழி, ஒவ்வொரு உதையும் வந்து படும் கணத்தில் குச்சியை எதிராளி பக்கமே தள்ளுவது. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் போச்சு! அதிலும் முதல் உதையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தள்ள நேரம் இருக்காது. 'இப்போது உதைப்பான்' என்று முன்கூட்டியே ஊகித்திருக்க வேண்டும்.

டைகோ 15 உதைகளையும் தட்டிவிட்டு, திருப்பி அடித்து ஜெயித்தார். அரங்கமே எழுந்து கத்தியது.

கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் தோற்றார். பிறகு கேமையே விட்டுவிட்டு, முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனார். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' வந்த பிறகுதான் மறுபடி குச்சியைப் பிடித்தார். அந்த கேமில் 2009, 2010 இரண்டு ஆண்டுகளும் ஈவோ சாம்பியன் அவர்தான்.