ஐந்து நாட்களின் வீடு

ஏற்காட்டில் எங்கள் தந்தையார் 1978இல் வாங்கிய ஓட்டு வீட்டை என்ன செய்வது என்பது, அவர் மறைவுக்குப் பின் மூன்று ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் விடை காணாத வினாவாகவே இருந்து வந்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், காப்பிச் செடிகளுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் இடையே இரண்டு அறைகள். பின்புறம் ஒரு சமையற்கட்டு. அதையொட்டி ஒரு சிற்றறை. சனிக்கிழமை ஏறி ஞாயிறு மாலை இறங்கிவிடுவோம். நடுத்தரக் குடும்பமொன்றின் ஆடம்பரம் அவ்வளவே.

பெங்களூருவில் வாழும் அண்ணன் அதை நவீன ஓய்வில்லமாக மாற்ற விரும்பினார். அவர் கொண்டுவந்த வரைபடத்தில் ஓடு இல்லை. தட்டையான கான்கிரீட் தளம் இருந்தது. பள்ளத்தாக்கை நோக்கிய சுவர் முழுவதும் கண்ணாடி. அழகாகத்தான் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பழையது என்பதற்காக மட்டுமே ஒன்றைப் போற்றுகிறவர்களும் அல்லர் நாங்கள். மரபின் சின்னமாக இன்று கொண்டாடப்படும் மங்களூர் ஓடே, பாசல் மிஷன் 1865இல் அந்நகரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய தொழிற்சாலைப் பொருள்தான், அக்காலத்தின் நவீனம். ஆகவே மரபா, நவீனமா என்று வாதிடுவதில் பொருளில்லை. இந்த மழைக்கும் இந்தப் பனிக்கும் எது பொருந்துகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அதற்கான விடையை வீடே ஓரளவு சொல்லிவிட்டது. கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர்கள் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடுகின்றன. எப்போதோ சிமெண்ட் பூசப்பட்ட வடக்குச் சுவர் மட்டுமே, உள்ளே அடைபட்ட ஈரத்தால் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்த முதிய கொத்தனார், சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பையே பூசலாம் என்றார். கண்ணாடிச் சுவரைப் பற்றிய பேச்சில் எங்களுக்கு நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. நண்பகலில் இரு கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை தெரிந்து மனை வகுத்த செய்தியைச் சொல்லும் அப்பாட்டு, வாடைக் காலத்தில் சாளரங்கள் தாழிட்டுக் கிடப்பதையும் சொல்கிறது. குளிரில் அடைக்க முடியாத சாளரம் சாளரமாகாது.

ஆனால் வரைபடத்தில் எங்களை உறுத்தியது ஓடோ கண்ணாடியோ அன்று. பின்புறச் சிற்றறை இருந்த இடத்தில் 'கார் நிறுத்துமிடம்' என்று எழுதியிருந்தது. அவ்வறையில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒருவர் வாழ்ந்து வருகிறார். வீட்டைக் காத்து, மிளகுக் கொடியைப் பேணி, நாங்கள் ஏறிவரும் நாளில் விறகடுப்பில் வெந்நீர் வைக்கும் அவரை நாங்கள் அக்கா என்றே அழைத்து வந்திருக்கிறோம். வாரத்தில் இரு நாட்கள் எங்களுடையதாகும் வீடு, எஞ்சிய ஐந்து நாட்களும் அவருடையது. எந்தக் காற்றுக்கு எந்த ஓடு நகரும் என்பதை அறிந்தவரும் அவரே. "கெழக்கு மூலையில நாலு கைமரம் உளுத்திருக்குதுங்க, மத்ததெல்லாம் கெட்டியாத்தான் இருக்குதுங்க" என்றார். கொத்தனார் ஏணி வைத்துப் பார்த்தபோது, நான்கே கைமரங்கள்.

அண்ணனின் வாதத்தையும் நாங்கள் புறந்தள்ளவில்லை. கரையானுக்கும் ஒழுகலுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறவர் அவர். "எத்தனை நாளைக்கு உணர்ச்சியை வைத்துக்கொண்டு வீட்டைத் தாங்குவது?" என்று அவர் கேட்டபோது, எங்களிடம் உடனடி விடை இல்லை. அம்மாதான் பேசினார்: "மொதல்ல அவ எங்கடா படுப்பான்னு சொல்லு. அப்புறம் கண்ணாடியப் பத்திப் பேசலாம்."

அதன்பின் வரைபடம் பின்புறத்திலிருந்து திருத்தப்பட்டது. சிற்றறைக்கு ஒரு சாளரம், தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், அவை முதலில். முன்னறைகளில் ஓடு நிலைக்கும். தெற்குச் சாளரம் மட்டும் அகலமாகும். குளியலறையில் வெந்நீர் வரும். கார் சாலையோரத்தில் நிற்கும். இலங்கையின் பெந்தோட்டைக்கு அருகே, ஏரிக்கரைத் தோட்டமொன்றை 1940களின் இறுதியில் வாங்கிய ஜெஃப்ரி பாவா, 'லுணுகங்க' என்ற அந்த வாரயிறுதி இல்லத்தைப் பல பத்தாண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலையன்று இது என்ற துணிவை அச்செய்தி எங்களுக்குத் தந்தது.

வாழ்நாள் முழுவதும் அவ்வறையில் வசிக்கும் உரிமையை அக்காவுக்கு அளிக்கும் பத்திரமும் எழுதியாயிற்று. வாய்மொழி அன்பு அடுத்த தலைமுறையைக் கட்டுப்படுத்தாது என்பதால் அது தேவையென்று கருதினோம். அண்ணன் பழுதுபார்க்க இசைந்துவிட்டார்; பத்திரத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது.