காவற்கூலிக்குக் கணக்கு

ஒரு நாடு தன் படைக்கென ஒதுக்கும் பணத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கின் இளைஞர் மன்றத்தார் இதனையே பொருளாகக் கொண்டு பட்டிமன்றம் ஒன்று நடத்தி, நம்மை நடுவராக அமர்த்தினர். கூட்டுக என்றவர்கள் எல்லையைக் காட்டினர். குறைக்க என்றவர்கள் ஏழையின் கஞ்சிக் கலயத்தைக் காட்டினர். இரு சாராரும் நன்றாகவே பேசினர், கைதட்டலும் பெற்றனர். ஆனால் முத்துக்குளித்துறையில் பிறந்த அப்பிள்ளைகளுள் ஒருவரேனும் தம் சொந்தக் கடற்கரையின் வரலாற்றைச் சான்றுக்கு அழைக்கவில்லை. காவலின் விலை என்ன என்பதை இந்தக் கரையைவிட நன்கு அறிந்த கரை நம் நாட்டில் வேறு உண்டோ? ஆகவே இப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விழைகிறோம்.

பாளையக்காரர் காலத்தில் தென்பாண்டிச் சீமையின் ஊர்மக்கள் தலகாவல், தேசகாவல் என்ற பெயர்களில் காவற்கூலி செலுத்தி வந்தனர். அக்கூலிக்கு ஒரு நியதி இருந்தது. களவு போன பொருளைக் காவல் பூண்டவர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இயலாவிடில் ஈடு செய்ய வேண்டும். நியதி நிலைத்த ஊரில் காவல் காவலாகவே இருந்தது. நியதி தளர்ந்த ஊரிலோ கூலி கப்பமாயிற்று. காவலனுக்கே குடியானவன் அஞ்ச வேண்டியதாயிற்று. கோலேந்திய அரசன் முறையின்றிப் பொருள் கேட்பதை வழிப்பறிக்காரனின் செயலோடு ஒப்பிட்டார் அல்லவா வள்ளுவர்? அந்த ஒப்புமையை நம் முன்னோர் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தனர்.

கடற்கரையின் கதையும் இதுவே. 1530-களில் முத்துச் சலாபத்தின் உரிமையைப் பற்றி எழுந்த பூசலில் நெருக்குண்ட பரதவர், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் தூது சென்று காவல் வேண்டினர். காவல் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றதும் அக்காலத்திலேதான். 1538-இல் வேதாளையில் நடந்த போரில் போர்த்துக்கீசியர் வென்றபின் இக்கடலில் அவர்கள் கை ஓங்கிற்று. நாம் வேதத்தைப் பெற்ற வரலாறு காவலைத் தேடிய வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது, இதை மறைப்பானேன்? மக்கள் மூச்சடக்கி ஆழத்திலிருந்து எடுத்த செல்வத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கப்பமாகப் போயிற்று.

காவல் எத்தகையதாக இருந்தது? 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியாரின் மடல்களே அதற்குச் சான்று. 1544-இல் வடுகர் படை பாய்ந்தபோது கன்னியாகுமரிப் பகுதி மக்கள் கடற்பாறைகளில் ஏறி ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். செய்தி கேட்டதும் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் உதவிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர் சவேரியார். எதிர்க்காற்று அவரைத் தடுத்தது. கப்பம் வாங்கியவர்களின் சார்பில் இக்கரைக்கு அமர்த்தப்பட்டிருந்த தலைவரோ, காக்கப்பட வேண்டிய மக்களுக்கே தீங்கிழைத்தார் என்று புனிதர் வன்மையாகக் கண்டித்து எழுதினார்.

அவர் செய்த மற்றொன்றை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இம்மக்கள் செலுத்திய கப்பத்தில் நாலாயிரம் பணம் போர்த்துக்கல் அரசி கத்தரினாளின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகையைச் சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டும் ஆசிரியர்களின் ஊதியத்துக்குத் தருமாறு சவேரியார் கேட்டார், அரசியும் இசைந்தாள். காவலே வேண்டாம் என்று சவேரியார் சொல்லவில்லை. காவலின் பெயரால் வாங்கிய காசு யார் காலுக்குப் போகிறது என்று பார்த்தார். பார்த்ததைத் துணிந்து கேட்டார். அரசின் வரவு செலவுத் திட்டத்தை நற்செய்தியின் ஒளியில் வாசிப்பது எங்ஙனம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் நாம் அறியோம்.

பின்னர் 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர்; அவர்களுக்குப்பின் ஆங்கிலேயர் வந்தனர். கொடி மாறியதே தவிரக் கொடுக்கும் கை மாறவில்லை.

அப்படியானால் படையே வேண்டாம் என்று முடிவு செய்யலாமா? இயலாது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் என்ற ஒரே ஒரு செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து எண்ணெய்க் கிடங்குகளை எரித்துச் சென்றது. அதன் பெயர் இன்றும் நம் பேச்சு வழக்கில் நிற்கின்றது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் மீன்பிடி விசைப்படகு ஒன்றைக் கைப்பற்றிக் கடல் வழியாகவே வந்தனர். 166 பேர் மாண்டனர். 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கதவில்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்கு என்று பிறருக்குச் சொல்வது எளிது. வள்ளுவரும் அரசுக்குரிய ஆறு உறுப்புக்களை எண்ணுகையில் படையை முதலில் வைத்தார். ஆனால் குடிமக்களையும் உணவு வளத்தையும் அதனை அடுத்தே வைத்தார் என்பதையும் மறத்தலாகாது.

திருச்சபையின் போதனையும் இவ்விரண்டையும் சேர்த்தே பேசுகின்றது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், அமைதி வழிகள் அனைத்தும் பயனற்றுப் போனபின் தற்காத்துக் கொள்ளும் உரிமை அரசுகளுக்கு உண்டு என ஏற்றது. அதே ஏட்டில் படைக்கலப் போட்டியை மனித குலத்துக்கு வைக்கப்பட்ட கண்ணி என்றும் ஏழைகளுக்கு இழைக்கப்படும் தீங்கு என்றும் கண்டித்தது. வாள்கள் கொழுக்களாகும் நாளை இசையாஸ் இறைவாக்கினர் கண்டார். யோவேலோ கொழுக்களை வாள்களாக அடிக்கச் சொல்லும் குரலைப் பதிவு செய்தார். இரண்டும் ஒரே திருநூலில் உள்ளன. எந்தக் காலத்தில் எது என்று ஆராய்ந்து தெளியும் பொறுப்பு நம்முடையது.

அந்த ஆராய்ச்சிக்கு நெகேமியாஸ் நூலின் 4, 5 ஆகிய இரு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வாசிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். நாலாம் அதிகாரத்தில் எருசலேமின் மதில் எழும்புகிறது. மக்கள் ஒரு கையால் கட்டி, மறு கையில் படைக்கலம் பிடிக்கின்றனர். இதனை மேற்கோள் காட்டாத தேசபக்தர் இல்லை. ஐந்தாம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுவோர் அரியர். மதில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே ஏழைகளின் கூக்குரல் எழுகிறது: வரி செலுத்தக் கடன்பட்டோம், வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம் என்று அழுகின்றனர். பகைவன் வாயிலில் நிற்கிறான், இப்போது இதைப் பேசாதீர் என்று நெகேமியாஸ் அதட்டவில்லை. பெருமக்களைக் கூட்டிக் கண்டித்தார்; அடகை மீட்டுக் கொடுக்கச் செய்தார்; ஆளுநருக்குரிய படியைத் தாமும் வாங்காது விட்டார். மதிலும் முடிந்தது. குடியின் குரலைக் கேட்டதனால் காவல் தளர்ந்துவிடவில்லை என்பதைக் கருத்தில் கொள்க.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்கு நடுவண் அரசு பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6,81,210 கோடி ரூபாய். அரசின் மொத்தச் செலவில் நூற்றுக்குப் பதின்மூன்றரைப் பங்கு. அவ்வாண்டு கல்வி அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 1,28,650 கோடியும், நலவாழ்வு அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 99,860 கோடியும் கிடைத்தன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பெரும்பகுதி மாநிலங்கள் செலவிடுவதால் இவ்வெண்களை நேருக்கு நேர் நிறுத்துவது முழு நேர்மையாகாது. மேலும் படைச்செலவு என்றதும் பீரங்கியை மட்டும் நினைக்கிறோம். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அதாவது 1,60,795 கோடி, ஓய்வூதியமாகச் செல்கிறது. படைப்பணி செய்யும் மக்களைப் பெற்ற தாய்மார் நம் பங்குகளில் உள்ளனர். குறை என்று கூவுமுன் யாருடைய உலையிலிருந்து குறைக்கச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெருந்தொகையில் கடலோரக் காவற்படைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 9,677 கோடி. நூற்றுக்கு ஒன்றரையும் தேறாது. முந்தைய ஆண்டைவிட இது நன்கு உயர்ந்த தொகை என்பதும் உண்மையே. ஆயினும் நம் கரைக்குக் காவல் என்றால் என்ன? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் சிக்கிய மீனவர் பலர் திரும்பவில்லை. தேடுதல் தாமதமாயிற்று, தொலைவுக்குச் செல்லவில்லை என்று குமரிக் கரையின் குடும்பங்கள் சாலையில் அமர்ந்து முறையிட்டன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி பெருகியபோதோ, திருவைகுண்டத்தில் தொடர்வண்டியோடு சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் உணவு கொண்டுவந்தன. அன்று படைக்கு ஆகும் செலவை வீண் என்று சொல்ல இம்மாவட்டத்தில் ஒரு நாவும் எழுந்திராது. 2022 அக்டோபரில் பாக் நீரிணைப்பு அருகே நம் நாட்டுக் கடற்படைக் கப்பலே சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் படுகாயமுற்றார். காவல் காக்கவும் செய்யும், காயப்படுத்தவும் செய்யும். தொகையின் அளவு மட்டும் அதனைத் தீர்மானிப்பதில்லை.

கடலுக்கு அக்கரையில் உள்ள அண்டை நாட்டின் படிப்பினையும் உண்டு. இலங்கையில் 1983-இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்தது. போர் ஓய்ந்தும் படை சுருங்கவில்லை. 2022-இல் அந்நாடு கடனைத் திருப்ப இயலாது கைவிரித்தது. வரிக்குறைப்பு, உர இறக்குமதித் தடை, சுற்றுலா வீழ்ச்சி எனக் காரணங்கள் பல. படைச்செலவு மட்டுமே காரணம் என்பது தவறு. ஆனால் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியின்றித் தமிழ்க் குடும்பங்கள் அவ்வாண்டு மார்ச்சில் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியபோது, அந்த நாட்டில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் தரைப்படையினர் இருந்தனர். 2023 சனவரியில்தான் அதனை 2030-க்குள் ஓர் இலட்சமாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. பசி வந்து கட்டளையிடும்வரை காத்திராமல் முன்னரே கணக்குப் பார்த்திருக்கலாகாதா?

உலகமோ எதிர்த்திசையில் விரைகின்றது. 2024-இல் உலக நாடுகள் படைக்குச் செலவிட்ட தொகை 2,71,800 கோடி டாலர் என ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. ஓராண்டில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் உயர்வு. செலவிடுவோர் வரிசையில் இந்தியா ஐந்தாம் இடம் பெற்றது. 2025 சூனில் நேட்டோ நாடுகள் தம் தேசிய வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கை 2035-க்குள் பாதுகாப்புக்குச் செலவிட உறுதி பூண்டன. ஒருவன் கூட்டினால் அடுத்தவன் அஞ்சிக் கூட்டுகிறான். அவன் கூட்டியதைக் கண்டு முதல்வன் மீண்டும் கூட்டுகிறான். பக்கத்து வீட்டான் சுவரை உயர்த்தினான் என்று தானும் உயர்த்திக்கொண்டே போனால் இருவர் வீட்டிலும் வெயில் படாது.

இந்தச் சுழலை அறுக்க ஒரு வழியை நம் நாட்டு மண்ணிலிருந்தே திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் காட்டினார். 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்கெனப் பம்பாய் வந்த அவர், நாடுகள் யாவும் படைக்கலச் செலவில் ஒரு பகுதியையேனும் ஒதுக்கி, ஏழை நாடுகளின் உயர்வுக்கென ஒரு பொது நிதி காணுமாறு வேண்டினார். ஒருவர் மட்டும் படைக்கலத்தைக் கீழே போட அவர் கேட்கவில்லை; எல்லோரும் சேர்ந்து சிறிது சிறிதாகக் கையைத் தளர்த்தக் கேட்டார். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸும் அதே வேண்டுகோளைப் புதுப்பித்தார். அந்நிதி இன்னும் ஏட்டளவிலேயே இருக்கிறது.

ஆகவே கூட்டுவதா, குறைப்பதா என்ற கேள்விக்கு நம் விடை இது. காவலுக்கு உண்மையில் தேவையானதைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் கூட்டிக் கேட்பவரே காரணம் காட்ட வேண்டும்; காட்டாதவரை ஏழையின் பங்கே மூத்த பங்கு. அண்டை நாட்டாரோடு பேசிக் குறைக்க வழி உள்ள இடத்தில் பேசாதிருப்பது குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. 2018 மார்ச்சில் மக்களவை அவ்வாண்டின் மானியக் கோரிக்கைகள் அனைத்தையும், படைக்கான இலட்சக்கணக்கான கோடிகள் உட்பட, விவாதமின்றியே நிறைவேற்றியது. களவு போனால் ஈடு கேட்ட நம் ஊர்மக்களுக்கு இருந்த விழிப்பு, வாக்குரிமை பெற்ற நமக்கு இல்லாது போகலாமா?

வாக்குக் கேட்டு வருபவரிடம் தண்ணீர்க் குழாயும் தெருவிளக்கும் கேட்கிறோம், நன்று. இனி இவற்றையும் கேட்போம்: புயலில் சிக்கிய படகைத் தேட எத்தனை மணி நேரத்தில் கப்பல் புறப்படும்? கடலில் தவறுதலாகச் சுடப்பட்டவனுக்கு யார் விடை சொல்வார்? படைக்கலம் வாங்கிய கணக்கைத் தணிக்கைத் தலைவர் குறை கண்டபோது நீர் அவையில் எழுந்து பேசினீரா? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கும் எவரும் இந்தக் காவற்கூலியில் பங்கு கொடுத்தவரே. நாலாயிரம் பணத்துக்கு ஓர் அரசியிடமே கணக்குக் கேட்ட புனிதர் நடந்த மணல் இது. அதன்மேல் நிற்கும் நாம் கேட்கக் கூசுவானேன்?