றக்வான மலைவழியில் ஒரு கீச்சொலி

பெல்மதுளையைக் கடந்து கஹவத்தையை அணுகும்போதே அந்தக் கீச்சொலி தொடங்கிவிட்டது. முதலில் நாம் அதை ஏதோ காட்டுப் பறவையின் குரல் என்றே எண்ணினோம். வண்டியை ஓட்டிய நண்பரின் முகம் சுருங்கியதைக் கண்டபிறகுதான், அந்தப் பறவை நமது மோட்டாரின் மூடிக்கடியிலேயே கூடு கட்டியிருக்கிறதென்று தெரிந்தது.

வண்டி பழைய மொறிஸ் மைனர். 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட இனம். இலங்கைத் தெருக்களில் அதன் வாரிசுகளை இன்றும் காணலாம். நண்பரின் தாயார் றக்வானவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறார். முழங்கால் வீங்கி, பஸ் படியில் ஏற முடியாத நிலை. மறுநாட் காலை எட்டு மணிக்குள் அவரை இரத்தினபுரிக்கு வைத்தியரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்காகவே இந்தப் பயணம்.

மாதம்பைச் சந்தியில் எம்பிலிப்பிட்டிய வீதியை விட்டுப் பிரிந்தால் றக்வான வீதி. இருமருங்கிலும் இரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் உடலிலும் சாய்வாகக் கீறிய வடு, அதன் கீழே பால் ஏந்தும் சிரட்டை. இம்மரம் இம்மண்ணுக்குரியதன்று. பிரேசில் நாட்டு விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கன்றுகளாக ஹெனரத்கொடைக்கு வந்திறங்கின. நம்மைக் கலங்கவைத்த அந்த விசிறி வாரும் (ஃபான் பெல்ட் என்றால்தான் சாரதிமாருக்கு விளங்கும்) இரப்பர்க் குலத்தைச் சேர்ந்ததுதானே! இக்காலத்து வார்கள் பெரும்பாலும் செயற்கை இரப்பரால் ஆனவை என்பது வேறு கதை.

றக்வான சிறிய பட்டினம். கடைத்தெருவைத் தாண்டியதும் மலை எதிரே எழுந்து நிற்கிறது. தெனியாய நோக்கிப் புலுதொட்டைக் கணவாய்க்கு ஏறும் அந்த வீதியின் கொண்டையூசி வளைவுகள் பெயர்பெற்றவை. அப்பால் சூரியகந்தை, அதற்கும் அப்பால், 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராஜ வனம். முகில் இறங்கி வந்து தேயிலைச் செடிகளின் மேல் படுத்திருந்த காட்சியை நிதானமாக இரசிக்க நமக்கு மனமில்லை. ஏற்றத்தில் வார் அறுந்தால் டைனமோ நிற்கும்; அதைவிடக் கேடாக, தண்ணீர்ப் பம்பும் நின்று எஞ்சின் கொதிக்கும். வளைவுக்கு வளைவு நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

லயத்து வாசலில் வண்டி நின்றபோது, ஒலியைக் கேட்டு முதலில் வந்தவர் நண்பரின் தாயாரல்லர்; அயல்வீட்டுப் பெரியவர். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நெடுங்காலம் இயந்திரம் பார்த்தவர். அக்காலத்தில் கூரையையொட்டி ஓடும் ஒரே நீண்ட தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி, கொழுந்து அரைக்கும் உருளைகளையெல்லாம் சுழற்றுமாம். எந்த வார் முனகுகிறதென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாராம். இவருடைய அண்ணன் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக இந்தியாவுக்குப் போனவர். இவர் ஸ்டோரோடு தங்கிவிட்டார்.

“டிக்கியில் புது வார் இருக்கிறது மாமா, மாற்றிவிடலாமா?” என்றார் நண்பர்.

“அவசரப்படாதீங்க தம்பி. கோணல் எங்கேன்னு தெரியாம புதுசைப் போட்டா, அதுவும் நாளைக்கு இப்படித்தான் அழும். எப்போ கத்துது?”

“காலையில் கிளப்பும்போதும், விளக்குப் போட்டாலும் கூடுதலாக. இரண்டு நாளைக்கு முன்னர்தான் ஒருவர் முறுக்கி இறுக்கிக் கொடுத்தார்.”

பெரியவர் தலையை ஆட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு போத்தலிலிருந்து வாரின் உட்பக்கத்தில் நாலு துளி தண்ணீர் தெளித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே இதைச் செய்தார். ஓடும் வாரின் அருகே தொங்கும் துணி ஆபத்தானது. கீச்சொலி சட்டென்று அடங்கிற்று. சிறிது நேரத்தில் மீண்டும் வந்தது.

“தளர்ந்த வாரா இருந்தா, தண்ணி பட்டதும் வழுக்கி இன்னும் உரக்கக் கத்தும். இது அடங்கித் திரும்புது. கப்பி நேரா நிக்கல.”

எஞ்சினை நிறுத்தி, ஒரு நூலைக் கப்பிகளின் விளிம்போடு இழுத்துப் பிடித்தார். இரண்டு கப்பிகளில் நூல் ஒட்டிக் கிடந்தது. டைனமோவின் கப்பியில் மட்டும் ஒரு நெல்மணி அளவு விலகிற்று. டைனமோவைப் பிடித்து அசைத்தார், ஆடியது. பின்புறத்துத் தாங்கு ஆணி தளர்ந்திருந்தது. முன்பக்கத்தை மட்டும் இறுக்கியவர் பின்னால் கைவைக்கவேயில்லை போலும்! வாரைக் கழற்றியபோது அதன் ஒரு பக்கம் கண்ணாடிபோல் மின்னிற்று, மறுபக்கம் மங்கல். இந்த வார் அடிப்பாகத்தால் பற்றுவதன்று. இருபக்கச் சாய்வுகளும் கப்பியின் பள்ளத்தில் ஆப்புப்போல் நெருங்கித்தான் பிடிக்க வேண்டும். பக்கம் பளபளத்தால் பிடி போயிற்று.

வாரில்லாமல் அரை நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். ஓசையில்லை. நிறுத்தியபின் பம்பின் கப்பியையும் டைனமோவின் கப்பியையும் கையால் சுழற்றி, தாங்கிகள் கரகரக்கவில்லையென்று உறுதி செய்துகொண்டார். அதற்குப் பிறகே புது வார் டிக்கியிலிருந்து வெளியே வந்தது. பின் ஆணி இறுகிற்று; நூல் மூன்று கப்பிகளிலும் ஒட்டிற்று. வாரின் நீண்ட பகுதியின் நடுவே பெருவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் அமிழ்ந்தது.

“இதுக்கு மேல இறுக்கினா சத்தம் போகும், கூடவே பம்பும் டைனமோவும் போகும்” என்று சிரித்தார்.

பணம் நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பழைய வாரைமட்டும் கேட்டு வாங்கினார். கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீலாக ஆகுமாம்.

மறுநாள் ஐந்து மணிக்கு, மழைத்தூறலில், தாயாரைப் பின்னாசனத்தில் காலை நீட்டி இருத்திக்கொண்டு மலையிறங்கினோம். விளக்கும் எரிந்தது, துடைப்பானும் ஓடியது. கீழே றக்வானக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடை மட்டும் திறந்திருந்தது. அதுவரை வாய் திறவாதிருந்த தாயார், “ஏன்டா, நேத்து வந்தப்ப கார் கூப்பாடு போட்டுச்சே, இன்னைக்கு ஊமையாயிருச்சா?” என்று கேட்டார்.