ஒன்பது பலகைக் கடை

நாற்பத்து நாலு வயதான பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர், சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர், கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் ஒரு பொம்மைக் கடையின் வாசற்படியை உற்று நோக்கிக் கொண்டிருக்கிறார். அந்தச் சமயம் பார்த்துத்தானா ஒரு மாணவனின் தகப்பனார் அவரைத் தேடிக்கொண்டு வர வேண்டும்? வந்தார். நாம் எழுந்து வேஷ்டியைச் சரி செய்துகொண்டு நின்றோம். அவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணில் ஏதாவது விழுந்து விட்டதா, சார்?" என்று அநுதாபத்துடன் விசாரித்தார். "ஆம், தூசி" என்றோம்.

மாணவர்களுக்குச் சத்தியத்தைப் போதிக்கும் நாம் அப்படிச் சொன்னது பிசகுதான். அவரிடம் சொல்லாத உண்மையை இப்போது நேயர்களிடம் சொல்லி விடுகிறோம்.

நவராத்திரிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கொலுப் படிகளுக்கு முன்னால் தரையில் மணலைப் பரப்பி, கேழ்வரகும் கடுகும் முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, 'பார்க்' அமைப்பது நம் வீட்டில் நெடுநாளைய வழக்கம். படிகள் அம்மாளுடைய ராஜ்யம். பார்க் குழந்தைகளுடைய ராஜ்யம். பதினொரு வயதான நம் பெண் இவ்வருஷம் ஒரு சட்டம் பிறப்பித்தாள். பார்க்குக்குப் பதிலாக ஒரு கடைத்தெரு அமைக்கப்படும். கடைகள் எல்லாம் லெகோக் கற்களால் கட்டப்படும். கட்டுகிற வேலையில் அப்பாவும் சேர்த்துக் கொள்ளப்படுவார். நம்முடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

கற்கள் ஏற்கெனவே வீட்டில் இருந்தன. வெளிநாட்டில் வசித்த நம் மைத்துனர், தம் பிள்ளைகள் வளர்ந்து விட்டபடியால், ஒரு பெட்டி நிறைய அவற்றைக் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்கியிருந்தார். "கொலுவில் டென்மார்க் தேசத்துச் சாமானா? தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைக்கும் கொண்டபள்ளி மரப் பொம்மைக்கும் என்ன குறை?" என்று நம்முடன் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கற்களின் சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தபோது நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. இவற்றின் மூல புருஷர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் ஒரு தச்சர். பில்லுண்ட் என்னும் சிற்றூரில், வேலை கிடைக்காத கஷ்ட காலத்தில், 1932-ஆம் வருஷத்தில், மரத்தினால் ஏணியும் இஸ்திரிப் பலகையும் செய்ததோடு பொம்மைகளும் செய்ய ஆரம்பித்தார். 'நன்றாய் விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் வார்த்தைகளைச் சுருக்கி 1934-இல் லெகோ என்று பெயர் வைத்தார். பிளாஸ்டிக் கல் 1949-இல் வந்தது. மேலே குமிழும் உள்ளே குழாயுமாக ஒன்றையொன்று இறுகப் பற்றும் இன்றைய கல்லுக்கு 1958 ஜனவரி 28-ஆம் தேதி காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அன்று வார்த்த கல் இன்று வார்த்த கல்லோடு பொருந்தும். அறுபது வருஷத்துக்கு மேலாக அளவு மாறாத சாமான் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

அளவுதான் இதில் சகலமும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தகடு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2. எட்டுக் குமிழுள்ள சாதாரணக் கற்கள் ஆறு, ஒரே நிறத்தில் இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை விதங்களில் நமக்கு வேண்டிய ஒரு விதம் மட்டும் அகப்படாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தோம் என்றால் நேயர்கள் நம்புவார்கள் அல்லவா?

பொம்மை நகரத்துக்கென்று அந்தக் கம்பெனியாரே 2007-ஆம் வருஷத்திலிருந்து பெரிய கட்டடங்களை வெளியிட்டு வருகிறார்கள். முப்பத்திரண்டு குமிழ் சதுரம், அதாவது 25.6 சென்டிமீட்டர் அகலமுள்ள அடித்தளத்தின்மேல், மூன்று மாடி, கண்ணாடி ஜன்னல், மூலையில் காப்பிக் கடை என்று எல்லாம் ஐரோப்பியப் பட்டணங்களின் பாணி. நாமும் அதே பாணியில் ஒரு மளிகைக் கடைக்குத் திட்டம் போட்டோம். பெரிய ஜன்னல், மாடிப் படி, மேலே ஒரு கொடிக் கம்பம். சித்திரம் வரைந்து பெண்ணிடம் காட்டினோம். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"எல்லாம் நன்றாயிருக்கிறது, அப்பா. இதில் கடைக்காரர் எங்கே உட்காருவார்?"

யோசித்துப் பார்த்தோம். அவர் உட்காருவதற்கு இடமே இல்லை! கொலுவில் செட்டியாரும் ஆச்சியும் அரிசி பருப்புக் குவியல்களுக்கு நடுவே எத்தனை கம்பீரமாகச் சப்பணமிட்டு அமர்ந்திருக்கிறார்கள்! மண் பொம்மைச் செட்டியார் ஒரு ஜாண் உயரம். லெகோ மனிதனோ நாலு சென்டிமீட்டர். ஆகையால் அவரை இந்தக் கடைக்குள் குடியேற்ற முடியாது. அவர் மொத்த வியாபாரியாகப் பக்கத்தில் இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். ஆனாலும் சில்லறைக் கடைக்காரருக்கு ஓர் ஆசனம் வேண்டாமா?

"பேசாமல் தாத்தா கடை மாதிரி கட்டிவிட்டால் என்ன?" என்றாள் பெண்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் என்பதை இங்கே விளக்க வேண்டும்.

நம் தகப்பனாருக்கு இதே தெருவின் கோடியில் ஒரு மளிகைக் கடை இருந்தது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. தெருவிலிருந்த மற்றக் கடைகளுக்கு ஆறு அல்லது ஏழு அடைப்புப் பலகைகள்; அந்தக் கடைக்கு ஒன்பது. ஆகையால் ஊரார் அதை 'ஒன்பது பலகைக் கடை' என்றே சொல்வார்கள். தாரினால் ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதிய அந்தப் பலகைகளை இரவில் வரிசையாக எடுத்துக் கொடுப்பது சிறு வயதில் நம்முடைய உத்தியோகம். எண் மாறினால் பலகை பொருந்தாது. 1998-ஆம் வருஷம் கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தகப்பனார் தொழில்' என்று ஒரு வரி இருந்தது. 'சில்லறை மளிகைக் கடை' என்று எழுதக் கை கூசிற்று. 'வியாபாரம்' என்று எழுதினோம். அப்பா அதை ஒரு முறை படித்தார், கையெழுத்துப் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கடை மூடப்பட்டது. கடன் நோட்டில் இருந்த பணம் கல்லாவுக்குள் வரவேயில்லை என்பது ஒரு காரணம். நம்முடைய படிப்புச் செலவு இன்னொரு காரணம். அதற்குப் பிறகு அவர் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். இந்த இருபத்தைந்து வருஷங்களில் கடையைப் பற்றி அவரும் பேசியதில்லை; நாமும் கேட்டதில்லை.

நிற்க. பெண்ணின் வார்த்தைக்கு மறு வார்த்தை ஏது? ஒன்பது பலகைக் கடையையே கட்டுவது என்று முடிவாயிற்று.

உயர்ந்த திண்ணை, பழுப்புச் சிவப்புச் சரிவுக் கற்களால் நாட்டோட்டுக் கூரை, வாழைத்தார் தொங்க ஒரு கொக்கி, பொட்டலம் கட்டும் சணல் உருண்டைக்கு ஒரு வெள்ளைக் குமிழ், கண்ணாடிக் கற்களால் மிட்டாய் ஜாடிகள் - இவையெல்லாம் சுலபமாய் அமைந்தன. ஓர் உபாயத்தை இங்கே சொல்லலாம். கல்லைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் சாதாரணமாக அளவு இடிக்கும். ஆனால் ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழின் அகலமும் 16 மில்லிமீட்டர். இந்தச் சமன்பாடு தெரிந்தவனுக்குச் சுவரில் எதையும் பொருத்த முடியும். சரக்குப் பெட்டிகளை எல்லாம் இப்படித்தான் சாய்த்து நிறுத்தினோம்.

பலகைகளில்தான் வந்தது விபத்து. குமிழில்லாத, ஆறு குமிழ் நீளமுள்ள தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் உயரம் 48 மில்லிமீட்டர். ஐந்து கற்களின் உயரமும் சரியாக 48. 'ஆகா! என்ன பொருத்தம்!' என்று ஐந்து கல் உயரத்தில் வாசலை வைத்து, ஒன்பது தகடுகளையும் நிறுத்தினோம். ஒன்பதும் வரிசையாகத் தெருவில் விழுந்தன. மறுபடி நிறுத்தினோம். மறுபடி விழுந்தன. கொஞ்சம் பசை தடவலாம் என்றோம். பெண்ணின் முகம் மாறிவிட்டது. "ஒட்டினால் அப்புறம் கடையைத் திறப்பது எப்படி, அப்பா?" என்றாள்.

அப்போது சாய்வு நாற்காலியிலிருந்து, பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் வந்தது.

"மேல் காடி ஆழம் போதாது."

இருவரும் திரும்பிப் பார்த்தோம். அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"கீழ்க் காடி அரை விரற்கடை இருந்தால் போதும். மேல் காடி அதைப்போல் மூன்று பங்கு ஆழம் வேண்டும். பலகையை மேலே தூக்கிச் சொருகி, நேராக நிறுத்தி, கீழே இறக்க வேண்டும். இறக்கின பிறகும் தலை மேல் காடிக்குள்ளேயே இருக்கும். அப்புறம் யானை முட்டினாலும் விழாது. முப்பது வருஷம் தூக்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாசல் நாலு கல் உயரம், 38.4 மில்லிமீட்டர். கீழ்க் காடி ஒரு தகட்டு ஆழம், 3.2. மேல் காடி ஒரு கல் ஆழம், 9.6. பலகையை மேலே தூக்கினால் அதன் அடி, படியைத் துல்லியமாகத் தாண்டுகிறது. இறக்கினால் தலை 6.4 மில்லிமீட்டர் மேலே சொருகியபடி நிற்கிறது. நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள தகடுகளைக் கொண்டு ஒரு வரிசையை அரைக் குமிழ் நகர்த்தினால் 4 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், 3.2 தடிமனுள்ள பலகைக்கு அதுவே தாராளமான காடி. டென்மார்க் தேசத்து அளவும் நம் தெருத் தச்சனின் அளவும் ஒன்றையொன்று கண்டு கைகுலுக்கின. ஒன்பது பலகைகளும் நின்றன!

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கடைக்கு முன்னால் உட்கார்ந்தார். பரிசோதனை ஆரம்பமாயிற்று.

"கல்லாப் பெட்டியை யார் இடது பக்கம் வைத்தது? இடது கையால் காசு வாங்குகிற கடைக்கு எவன் வருவான்? வலது பக்கம் வை. தராசு நடுவில் தொங்கட்டும். முள் வாடிக்கைக்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண்ணெண்ணெய் டின் உள்ளே என்ன செய்கிறது? அரிசியில் வாசனை ஏறிவிடாதா? வெளியே வை, அம்மா."

பெண் எல்லாவற்றையும் மாற்றினாள். கடைசியில், "பெயர்ப் பலகையில் என்ன எழுதட்டும், தாத்தா?" என்று கேட்டாள்.

"உங்கள் அப்பாவைக் கேள். 'வியாபாரம்' என்று எழுதச் சொல்லுவான். அவனுக்குப் பிடித்த வார்த்தை" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சௌகரியமாயிருக்கும்.

நேயர்களே, தரையில் குப்புறப் படுத்திருப்பதில் ஓர் அநுகூலம் உண்டு. முகத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. நாம் வாசற்படியை ஒரு கண்ணால் அளவு பார்க்கத் தொடங்கினோம். மாணவனின் தகப்பனார் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

பெயர்ப் பலகை வைக்கவில்லை. அந்தக் கடைக்கு எப்போதும் இருந்ததில்லை அல்லவா?

நவராத்திரி வந்தது. பெண் இன்னும் ஒரு குறையைக் கண்டுபிடித்தாள். நம் சம்சாரம் சொல்லி அவளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "தாத்தா, கல்லாவுக்குப் பக்கத்தில் கடன் நோட்டு வைக்கட்டுமா? சின்னதாய் ஒரு சிவப்புத் தகடு இருக்கிறது" என்றாள்.

அப்பா அவசரமாகக் கையை ஆட்டினார். "வேண்டாம், கண்ணு. அதிலே பெயர் இருந்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் கொலுவுக்கு வருவார்கள். சுண்டல் வாங்குகிற கை கூசும்."

அவர் சொன்னபடியே வந்தார்கள். தெருக்கோடி வீட்டுப் பாட்டி கடைத்தெருவைக் குனிந்து பார்த்து, விரலால் பலகைகளை எண்ணினாள். "ஒன்பது!" என்று கூவினாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா, "சுண்டலைச் சாப்பிடுங்கள், அம்மா, ஆறிப் போகிறது" என்றார்.

ஒன்பது இரவும் கடைசி விருந்தாளி போனபின், சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "பலகையைப் போட்டாயா?"

"இதோ" என்று சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து ஒன்பது வரை, வரிசை மாறாமல் நாம் எடுத்துக் கொடுப்போம். தூக்கிச் சொருகி இறக்குகிற வேலை இப்போது பேத்தியுடையது.