ஆயில் மாத்தச் சொல்லும் பட்டாளம்

பெங்களூரு அல்சூரில் குடியிருந்தால் என்ஜின் ஆயிலுக்குக்கூட ராணுவ ஆலோசனை இலவசம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்றவர்கள் இருவர்: ஒருவர் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், இன்னொருவர் ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி.யில் லாரி ஓட்டியவர்.

என் புல்லட்டைப் பார்த்ததும் ஏ.எஸ்.சி. அண்ணன் ஆரம்பித்தார். "தம்பி, கிலோமீட்டரை மட்டும் நம்பாதே. சில்க் போர்டு சிக்னல்ல மீட்டர் நகராது, என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். ஆயில் கறுத்தா கெட்டுப்போச்சுன்னு இல்ல, அழுக்கைச் சுமக்குது. கார் ஆயிலை ஊத்திடாதே. இதுல கிளட்சும் அதே ஆயில்லதான் ஊறுது, வழுக்கும். டப்பாவுல ஜாசோ எம்.ஏ.ன்னு இருக்கான்னு பாரு. வண்டியைக் கொஞ்சம் சூடாக்கிட்டு வடி, வாஷரைப் புதுசா போடு."

எல்லாமே சரியான பேச்சு. சாப்பருக்குத்தான் பொறுக்கவில்லை.

"யோவ், நாங்க பாலம் போடலேன்னா உன் லாரி எங்க போயிருக்கும்?"

"பாலத்துக்கு இரும்பு என்ன, நடந்தா வந்துச்சு?"

பிறகு ஏ.எஸ்.சி. அண்ணனின் வழக்கமான பிரம்மாஸ்திரம். 2017 நவம்பரில் எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஒரே 500 சிசி என்ஃபீல்டில் 58 பேர் ஏறி ஓட்டி, கின்னஸ் சாதனை படைத்தது ஏ.எஸ்.சி. டொர்னாடோஸ் குழு.

சாப்பர் அசரவில்லை. "58 பேரா? எங்க ஊர்ல அதுக்குப் பேரு பி.எம்.டி.சி. பஸ்."