மார்டள்ளியில் ஒரு யூதக் குஞ்சம்

கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்காடுகளை நெருங்கும் பகுதியில் இருக்கிறது மார்டள்ளி. கன்னட நாட்டுக்குள் தமிழ் பேசும் கத்தோலிக்க ஊர். கொள்ளேகாலம் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மைசூருக்குப் போய், 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. யூதர்களின் ஆடைச் சட்டத்தை யோசிக்க இது தோதான இடமா என்று கேட்கலாம். பூசையில் வாசிக்கும் நற்செய்தியிலேயே பதில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வாடிய பெண் இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொடுகிறாள் அல்லவா? அந்த ஓரத்துக்கு மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லும், எண்ணிக்கை நூல் 15-ஆம் அதிகாரத்தில் வரும் குஞ்சத்துக்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு வைத்த சொல்லும் ஒன்றே. அவள் தொட்டது பெரும்பாலும் சிசித் என்னும் யூதக் குஞ்சமாகத்தான் இருக்கும்.

அவள் அதைத் தாயத்தாக நினைத்திருக்கலாம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. பார்த்ததும் இறைக் கட்டளைகள் நினைவுக்கு வர வேண்டும், அதற்காகத்தான் குஞ்சம் என்கிறது மூலநூல். ஆகவே இது கண்ணுக்கு வைத்த பயிற்சி. பார்க்க முடியாத இரவில் கடமை இல்லை. காலையில் போர்த்தும் முன் நூல்களைப் பிரித்து, அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு முனையிலும் நான்கு நூல்களை மடித்து எட்டாக்கி, ஐந்து இரட்டை முடிச்சு போடுவது வழக்கம். இன்னொன்றும் உண்டு. கடமை ஆளைவிட ஆடையையே சார்ந்தது. நான்கு முனையுள்ள போர்வைக்குத்தான் குஞ்சம். நம் சால்வை போன்ற துணி அன்றாட உடுப்பிலிருந்து மறைந்தபோது சட்டமும் தானாகவே நழுவியிருக்கலாம். யூதர்கள் விடவில்லை. சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சிறிய நான்முனை ஆடை ஒன்றைத் தைத்து, இல்லாத கடமையை வலிய வரவழைத்துக்கொண்டார்கள்.

கண்தான் காரணமென்றால் பார்வையற்றவர் ஏன் கட்ட வேண்டும்? யூதச் சட்ட விவாத நூலான தல்மூத் இதற்கு முகம் கொடுக்கிறது: அவர் காணாவிட்டாலும் பிறர் காண்கிறார்கள். நீலம் கிடைக்காவிட்டால்? குஞ்சத்தில் மூலநூல் கேட்ட நீலநூலுக்கான சாயம், கடல்நத்தைச் சாயம், நூற்றாண்டுகளாக மறைந்தே போயிருந்தது; வெள்ளை நூலோடு வழக்கம் தொடர்ந்தது. நீலம் இல்லாமல் வெள்ளை செல்லும் என்று பழைய சட்டமே சொல்லியிருந்தது. இன்னொரு மறுப்பு மார்டள்ளிக்கு நெருக்கமானது. ஜூலை 16-இல் விழா காணும் கார்மேல் மாதாவின் உத்தரியமும் துணிதானே, இரண்டும் ஒன்றல்லவா? ஒன்றல்ல என்பதே என் எண்ணம். உத்தரியம் சட்டைக்குள் மார்பில் கிடக்கும். அது மாதாவின் அடைக்கலத்தைச் சொல்கிறது. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் துணிக்குப் பதில் பதக்கத்தையும் அனுமதித்தார். குஞ்சத்துக்கு அப்படி மாற்று இல்லை. நூல் வேண்டும், அது கண்ணில் பட வேண்டும்.

தாலித் என்னும் தொழுகைப் போர்வையில் (தாலியோடு இதற்கு உறவில்லை) இறந்தவரைச் சுற்றிப் புதைக்கும் யூதர் பலர், அதற்குமுன் நான்கு குஞ்சங்களில் ஒன்றைக் கத்தரித்துவிடுகிறார்கள்.